ஒரே வீட்டில் மூன்று விதமாகக் கெட்ட ஸ்கர்ட்டிங்: சாட்ஸ்வர்த்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சுவரின் அடியில் தரையோரம் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பலகை ஊதிப்போனாலோ பெயிண்ட் உரிந்தாலோ உடனே வரும் தீர்ப்பு "மரம் சரியில்லை" என்பதுதான். அடுத்த பேச்சு, "பிவிசி போட்டுவிடலாம், அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது." சாட்ஸ்வர்த்தில் என் அத்தை வீட்டுக்கும் இதே தீர்ப்பு வந்தது, அதுவும் ஒரு தடவை பலகை மாற்றிக் காசு செலவான பிறகு. அத்தை என்னைக் கூப்பிட்டது புதுப் பலகைக்கு அளவெடுக்க. நான் அளவு டேப்பை எடுக்காமல் பழைய பலகைகளைக் கழற்றி அவற்றின் முதுகைப் பார்த்தேன். அந்த வீட்டில் மூன்று இடத்தில் ஸ்கர்ட்டிங் கெட்டிருந்தது, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, மூன்றிலும் பலகையின் குற்றம் ரொம்பக் குறைவு. எல்லா இடத்திலும் பிவிசி ஒட்டியிருந்தால் ஒரு சுவரின் ஓதம் இன்னும் சில வருஷம் கண்ணில் படாமல் வளர்ந்திருக்கும். அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். இதே சரிவில், இதே காலத்தில் கட்டின வீடுகள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன.

வீடும் நிலமும்

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, இந்திய வம்சாவளியினரான நம் மக்களை நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து கிளப்பி, 1960களில் மாநகராட்சி கட்டிக் கொடுத்த குடியிருப்புதான் சாட்ஸ்வர்த். மேடும் பள்ளமுமான நிலத்தை வெட்டிப் படிப்படியாக்கி வீடுகளை வைத்தார்கள். அதனால் பல வீடுகளுக்கு முன்பக்கம் பள்ளம், பின்பக்கம் மண்மேடு. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமும் தன் கையில் காசு சேரச் சேர பின்னால் ஒரு அறை, பக்கத்தில் ஒரு கராஜ், முற்றத்துக்கு பேவிங் என்று சேர்த்துக்கொண்டே வந்தது. அத்தை வீடும் அப்படி வளர்ந்த வீடுதான்.

முன்னறையில் லேமினேட் தரை, பைன் மர ஸ்கர்ட்டிங். நடைவழியிலும் சாமி அறையிலும் டைல், அங்கே மரநார்ப் பலகையான எம்டிஎஃப் ஸ்கர்ட்டிங். பின்னால் அத்தை படுக்கும் அறையிலும் எம்டிஎஃப்தான், அந்த அறையின் வெளிச்சுவர் மண்மேட்டைப் பார்த்து நிற்கிறது. எல்லாச் சுவரும் செங்கல், சிமெண்ட் பூச்சு. டர்பனில் வருஷத்துக்குச் சுமார் 1000 மி.மீ. மழை, பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச் வரை கொட்டும், காற்றும் அந்த மாதங்களில் ஈரமாகவே இருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், அப்போது காய்ந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றியபோது கண்டது

பலகையைக் கழற்றுவதற்கு முன் மேல் விளிம்பில் பெயிண்டும் பலகையும் சேரும் கோட்டைக் கத்தியால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் பெயிண்டும் பூச்சும் தகடு தகடாகக் கூடவே வரும். அப்புறம் அகலமான பட்டி போடும் தகட்டைப் பின்னால் நுழைத்து, அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து, கடப்பாரையால் மெல்ல நெம்பினால் போதும். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் எந்த அறை, எந்தச் சுவர், எது இடப்பக்கம் என்று பென்சிலால் எழுதிவைத்தேன். தடயத்தை எடுத்த இடம் தெரியாவிட்டால் தடயத்தால் பிரயோஜனம் இல்லை.

படுக்கையறைப் பலகை முழு உயரத்துக்கும் ஊதியிருந்தது. முதுகில் கரும்பூஞ்சை, ஆணிகள் துருப்பிடித்து, ஆணித்தலை இருந்த இடமெல்லாம் முன்பக்கப் பெயிண்டில் பழுப்புக் கறை. பலகைக்கு மேலே சுவரில் முழங்கால் உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, விரலால் தேய்த்தால் பூச்சு பொடியாக உதிர்ந்தது.

சாமி அறையிலும் நடைவழியிலும் கதையே வேறு. பலகையின் கீழ் விளிம்பு மட்டும் ஒரு விரல் உயரத்துக்குப் பருத்து வெடித்திருந்தது. அதற்கு மேலே பலகை கல்லு மாதிரி நன்றாக இருந்தது, முதுகு சுத்தமாக உலர்ந்திருந்தது. கதவுப் பக்கத்தில் சேதம் அதிகம், மூலைகளில் குறைவு.

முன்னறையில் ஈரமே இல்லை. உள்மூலைகளில் இரண்டு பலகையின் முனையையும் சாய்த்து வெட்டிச் சேர்த்த கோணவெட்டு வாய் பிளந்திருந்தது, நீளமான சுவரில் இரண்டு பலகை சேரும் இடத்தில் கோடு விழுந்திருந்தது, மேல் விளிம்பில் தடவின சீலன்ட் கிழிந்திருந்தது. அதோடு லேமினேட் தரை நடுவில் லேசாகத் தூக்கி நின்றது, அந்த இடத்தில் மிதித்தால் அமுங்கி எழுந்தது.

இடையில் ஒரு பயத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. படுக்கையறைச் சுவரோரம் தினமும் பொடி விழுகிறது, கரையான்தான் என்று அத்தை நம்பியிருந்தார். பயம் நியாயமானது, டர்பன் கடலோரத்தில் உலர்மரக் கரையான் ரொம்பக் காலமாகக் குடியிருக்கிறது, மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும், இங்கே வீடு விற்கும்போது பூச்சிச் சான்றிதழ் கேட்பதும் இது மாதிரி பூச்சிகளுக்காகத்தான். ஆனால் அது தள்ளும் எச்சம் மணல் போலக் கடினமான குருணை, பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம் தெரியும். அத்தை கூட்டி வைத்திருந்த பொடியில் கொஞ்சத்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டேன், பாதி கரைந்தது, மீதி சிமெண்ட் மணலாக அடியில் தங்கியது. உப்பும் பூச்சும்தான், கரையான் இல்லை.

பின்சுவரின் காரணத்தைத் தேடியது

சுவரில் ஈரம் என்றால் அது நாலு வழியில் வரலாம்: குழாய் கசிவு, மழை வெளியிலிருந்து ஊறுவது, தரையிலிருந்து ஏறுவது, அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. எதுவென்று தெரியாமல் மருந்தைப் பூசிவிட்டுப் போவது இங்கே ரொம்ப நடக்கிறது, எனக்கு அதில் கோபமே உண்டு, ஏனென்றால் காசு கொடுப்பவர் பெரும்பாலும் ஓய்வூதியத்தில் இருக்கும் வயதானவர்.

குழாயை முதலில் ஒதுக்கினோம். ராத்திரி எல்லாத் தண்ணீர்க் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து, காலையில் பார்த்தோம், நகரவில்லை. அந்தச் சுவரில் குழாயும் ஓடவில்லை. அடுத்து ஒரு சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். அறைக்காற்றின் ஈரம் என்றால் தாளின் வெளிப்பக்கம் நனையும், சுவருக்குள்ளிருந்து வருகிறதென்றால் உள்பக்கம் நனையும். உள்பக்கம்தான் முத்துமுத்தாக நனைந்திருந்தது. ஈரமானியைக் கீழேயிருந்து மேலே ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் குத்திப் பார்த்ததில் தரையோரம் மிக அதிகம், மேலே போகப் போகக் குறைவு, இடுப்பு உயரத்தில் சாதாரணம். ஒன்று சொல்ல வேண்டும், உப்புப் பூத்த சுவரில் இந்தக் கருவி உப்பையும் ஈரமாகக் காட்டும். அதனால் எண்ணை நம்பாமல், எந்தத் திசையில் ஏறுகிறது இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்தேன்.

விடை வெளியில் இருந்தது. செங்கல் சுவரில் தரைமட்டத்தை ஒட்டி ஓர் ஈரத்தடுப்புப் படலம் ஓடும், மேஸ்திரிகள் டிபிசி என்பார்கள், மண்ணின் ஈரம் அதற்கு மேல் ஏறக்கூடாது என்பதுதான் அதன் வேலை. அது வேலை செய்ய வேண்டுமானால் வெளித்தரை அதற்குக் கீழே குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அத்தை வீட்டு முற்றத்தில் பழைய சிமெண்ட் தளத்தை உடைக்காமல் அதன் மேலேயே மணல் பரப்பிப் புது பேவிங் கல் பதித்திருந்தார்கள். சுவரோரம் இரண்டு கல்லைக் கிளப்பி, பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது அந்தப் படலத்தின் கறுப்புக் கோடு பேவிங்குக்குக் கீழே புதைந்து கிடந்தது. மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீர் சுவரில் வந்து நின்றுவிட, பூச்சு விளக்குத்திரி எண்ணெய் இழுப்பது போல அதை மேலே இழுத்திருக்கிறது. உள்ளே அந்தச் சுவரின் பாதத்தில் ஒட்டிக்கொண்டிருந்த எம்டிஎஃப் மரநாரை அழுத்தி ஒட்டின பலகை, ஈரம் குடித்தால் ஊதும், காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. பலகை மாற்றினவர் புதுப் பலகையை அதே ஈரச்சுவரில் அடித்துவிட்டுப் போயிருந்தார்.

சாமி அறை

இதற்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டில் இருந்தால் போதும். மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தரையைக் கழுவித்தான் விளக்கேற்றுவார் அத்தை, புரட்டாசி மாதம் முழுக்க வீடே தண்ணீரில் கிடக்கும். அந்தத் தண்ணீர் கதவை நோக்கி வழியும், அதனால்தான் கதவோரம் சேதம் அதிகம். பலகையின் முன்பக்கம் பெயிண்ட் நன்றாக இருந்தது, ஆனால் கீழ் விளிம்பு வெட்டினபடியே பச்சையாக, டைலில் உட்கார்ந்திருந்தது. கழுவுவதை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொல்லவும் கூடாது. அந்த அறை அப்படித்தான் வாழ்கிறது, பலகைதான் அதற்குப் பொருந்தவில்லை.

முன்னறை

பைன் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் சுற்றி நின்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 14 சதவீதத்தில் போய் நிற்கும், காற்று காய்ந்தால் அதுவும் இறங்கும். இழை ஓடும் நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசையாது, அகலத்திலும் தடிமனிலும்தான் சுருங்கும். 70 மி.மீ. உயரப் பலகை ஈரத்தில் ஐந்தாறு சதவீதம் இழந்தால் ஏறக்குறைய 1 மி.மீ. குறையும். இந்தப் பலகைகள் மழைக்காலத்தில் கடையிலிருந்து வந்த அன்றே அடிக்கப்பட்டவை. முதல் குளிர்காலத்தில் சுருங்கின, மேல் விளிம்பு சீலன்ட் கிழிந்தது, 45 பாகை வெட்டின உள்மூலைகள் பிளந்தன. மூலமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு மூலைகூட 90 பாகை இல்லை என்பதும் தெரிந்தது, பழைய வீடுகளில் இருக்கவும் இருக்காது. பிளவைப் பட்டி வைத்து மூடியிருந்தார்கள், அது முதலில் உதிர்ந்தது.

தரை தூக்கினதற்குக் காரணம், ஸ்கர்ட்டிங்குக்கு முன்னால் அடிக்கும் கால்வட்டச் சட்டம், குவாட்ரன்ட். லேமினேட் தரை மிதக்கும் தரை, சுவரோரம் 10 மி.மீ. அளவுக்கு இடம் விட்டுத்தான் போடுவார்கள், அது விரிந்து சுருங்க அந்த இடம் வேண்டும். ஸ்கர்ட்டிங்கோ குவாட்ரன்டோ அந்த இடைவெளியை மறைக்கத்தான், தரையைப் பிடித்துவைக்க இல்லை. இங்கே ஆணி குவாட்ரன்டின் வழியாக நேராக லேமினேட்டுக்குள் இறங்கியிருந்தது. ஓரம் நகர முடியாத தரை நடுவில் எழும்பியது.

செய்த வேலை

ஏப்ரல் கடைசியில் மழை ஓய்ந்ததும் வெளியில்தான் ஆரம்பித்தோம். பின்சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு பேவிங்கை எடுத்து, பழைய தளத்தையும் உடைத்து, உள்தரைக்கு 150 மி.மீ.க்கும் கீழே இறங்கும்வரை தோண்டி, துளைக்குழாய் பதித்து அதன் மேல் ஜல்லி நிரப்பி, மழைநீர் வடிகாலுக்குச் சரிவு கொடுத்தோம். கழிவுநீர்க் குழாயில் மழைத்தண்ணீரைச் சேர்க்கக்கூடாது, சுலபமாக இருக்கிறதே என்று நிறையப் பேர் சேர்த்துவிடுகிறார்கள், பெருமழையில் அது பொங்கி யாராவது ஒருவர் வீட்டுக்குள் வரும்.

உள்ளே உப்பு ஏறின உயரத்துக்கு மேலே இன்னும் 300 மி.மீ. சேர்த்துப் பூச்சை உடைத்து எடுத்தோம். உப்பு உட்கார்ந்த பூச்சு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதை வைத்துக்கொண்டு சுவர் காயும் என்று காத்திருப்பதில் பயனில்லை. செங்கலுக்கு 25 மி.மீ. காய ஒரு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. 220 மி.மீ. சுவர் இரண்டு பக்கமும் காற்று பட்டால்கூட நாலைந்து மாதம் ஆகும். குளிர்காலம் முழுக்க அந்த அறை செங்கல் தெரிய நின்றது, கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார் அத்தை. "புரட்டாசிக்கு முன்னாடி முடிச்சிடுவியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "தீபாவளிக்கு முடியும் அத்தை, அவசரப்பட்டா மறுபடியும் இதே கதைதான்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான், ரம்பம் பிடிப்பது இல்லை.

சுவர் காய்ந்த பிறகு சிமெண்டும் மணலும் கலந்த பூச்சு, ஜிப்சம் பூச்சு அந்தச் சுவருக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். புதுப் பூச்சைத் தரையில் முட்டவிடாமல் 20 மி.மீ. மேலேயே நிறுத்தினோம், தரையின் ஈரம் பூச்சில் ஏற வழியே இருக்கக்கூடாது. அந்த இடைவெளியைத்தான் ஸ்கர்ட்டிங் மூடும்.

பலகைத் தேர்வில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. படுக்கையறைக்கு மெராந்தி மரம், 19 மி.மீ. தடிமன். சாமி அறைக்கும் நடைவழிக்கும் மரமே வேண்டாம், தரையில் கிடக்கும் அதே டைலில் 80 மி.மீ. பட்டை வெட்டி ஒட்டி, கீழே சிலிகான். நீர் புழங்கும் இடத்தில் டைல் ஸ்கர்ட்டிங்கை விட நல்லது எதுவும் இல்லை, நம் ஊர் வீடுகளில் எப்போதும் அதுதான் இருந்தது. முன்னறைக்குப் பழைய பைன் பலகைகளே போதும், அவற்றில் ஒரு குறையும் இல்லை, வெட்டும் பொருத்தலும்தான் தப்பு.

மெராந்திப் பலகைகளை வாங்கிவந்து, நடுநடுவே கட்டை வைத்து அடுக்கி, அந்த அறையிலேயே இரண்டு வாரத்துக்கு மேல் கிடத்தினோம். பிறகு ஆறு பக்கமும் பிரைமர். முதுகு, அடிவிளிம்பு, வெட்டின முனை எல்லாம். முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்த பலகை ஒரு பக்கம் ஈரம் வாங்கி வளையும். முனைகளில் பிரைமர் இரண்டு தடவை, ஏனென்றால் இழையின் வாய் திறந்திருப்பது அங்கேதான்.

மூலைகள்

உள்மூலையில் கோணவெட்டு வேண்டாம். முதல் பலகையைச் சதுரமாக வெட்டி மூலையில் முட்டவிடுங்கள். இரண்டாவது பலகையை 45 பாகை சாய்த்து வெட்டினால் வெட்டின முகத்தின் ஓரத்தில் பலகையின் முன்வடிவம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் கறுப்பாக்கிக்கொண்டு, மெல்லிய அலகுள்ள கோப்பிங் ரம்பத்தால் கோட்டின் மேலேயே, ரம்பத்தைக் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்த்து அறுக்க வேண்டும். முன் விளிம்பு மட்டும் தொடும்படி பின்னால் மரம் குறையட்டும். ஒரு துண்டுப் பலகையை வைத்துப் பார்த்து, எங்கே முட்டுகிறதோ அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. இப்படி வெட்டின பலகை முதல் பலகையின் முகத்தில் கச்சிதமாக உட்காரும், மூலை 88 பாகையாக இருந்தாலும் 93 ஆக இருந்தாலும் கவலையில்லை, மரம் சுருங்கினாலும் பிளவு முன்னால் தெரியாது. முதல் மூலைக்கு ரொம்ப நேரம் ஆகும், மூன்றாவதிலிருந்து கை பழகிவிடும். வாசலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் சுவரில் முதல் பலகையைப் போடுங்கள், சேரும் கோடு அப்போது கண்ணில் படாது.

வெளிமூலைக்கு வேறு வழியில்லை, கோணவெட்டுதான். ஆனால் 45 என்று நம்பி வெட்டாதீர்கள். தரையில் டேப் ஒட்டி, ஒரு துண்டுப் பலகையை ஒரு சுவரோரம் வைத்து அதன் வெளிவிளிம்பைக் கோடு போடுங்கள், அடுத்த சுவருக்கும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்து சுவர் மூலைக்கு ஒரு கோடு இழுத்தால் அதுதான் உங்கள் வெட்டுக்கோணம். அத்தை வீட்டு நடைவழி முனை 92 பாகை இருந்தது, அப்படியானால் இரண்டு பலகைக்கும் 46.

நீளச்சுவரில் இரண்டு பலகை சேரும்போது சதுரமாக முட்டவிடாமல் இரண்டையும் சாய்வாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படுக்கவைத்து, பசை தடவி, அந்த இடத்திலேயே ஒரு திருகு போட வேண்டும். பழைய வேலையில் சேர்ப்பு இரண்டு ஆணிகளுக்கு நடுவில் அந்தரத்தில் இருந்தது.

தரை மேடு பள்ளமாக இருந்தால் பலகையை ரசமட்டம் வைத்து நிறுத்தி, அதிகபட்ச இடைவெளிக்குக் காம்பஸைத் திறந்து, தரையோடு நகர்த்திப் பலகையில் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அறுத்தால் சரியாக உட்காரும். ஆனால் அறை முழுக்க ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால் ரசமட்டத்தை விடத் தரையின் சரிவையே பின்பற்றுவது நல்லது, கண் பார்ப்பது பலகைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைத்தான்.

திருகா, பசையா

இந்த வீட்டில் திருகு. சுமார் 600 மி.மீ.க்கு ஒன்று, முனைகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று. பலகை 19, பூச்சு 15, அதற்குப் பிறகு செங்கலுக்குள் குறைந்தது 30 மி.மீ. போக வேண்டும், அதனால் 70 மி.மீ. திருகு, துருப்பிடிக்காத வகை. திருகைப் பிடிக்கத் துளையில் வைக்கும் பிளக் பூச்சில் மட்டும் நின்றால் அது பிடிப்பே இல்லை. பசை சுலபம்தான், ஆனால் உதிரும் பெயிண்ட் மேல் ஒட்டின பசை பெயிண்டோடு வந்துவிடும். முக்கியமாக, ஓதம் இருந்த சுவரில் பலகையைக் கழற்றிப் பின்னால் பார்க்க வழி இருக்க வேண்டும். துளை போடும் முன் டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பலகை) அந்த அறையின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள், பிளக் பாயிண்டுக்கு நேர் கீழேயும் நேர் மேலேயும் துளை வேண்டவே வேண்டாம், வயர்க்குழாய் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும்.

முன்னறையில் குவாட்ரன்டை மறுபடி அடித்தபோது ஆணி ஸ்கர்ட்டிங்குக்குள் மட்டும் போனது. ஆணியை எடுத்த சில நாளில் தரை தானாகவே அமர்ந்துவிட்டது.

முடிப்பு வேலை

பெயிண்டில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள், கண்ணுக்குத் தெரியப்போவது அது ஒன்றுதான் என்பதை மறந்து. பைன் மரத்தில் கணுக்கள் இருக்கும், அவற்றில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) தடவாமல் வெள்ளை அடித்தால் கொஞ்ச மாதத்தில் பழுப்பு வட்டங்களாக வெளியே வரும். திருகுக் குழிகளை மரப்பட்டியால் கொஞ்சம் மேடாகவே நிரப்பி, காய்ந்ததும் 120 உப்புத்தாள், பிறகு 180, கடைசியில் 220. பழைய பெயிண்ட் அடித்த நிலைக்கதவுச் சட்டங்களை மட்டும் உலர்வாகத் தேய்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் பெயிண்டில் ஈயத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது 2009இல்தான், மாநகராட்சி காலத்துப் பெயிண்டில் என்ன இருக்கும் என்று நம்ப முடியாது, வீட்டில் தவழும் பேரக்குழந்தை வேறு. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கசடை ஈரத்துணியில் வழித்து எடுத்தோம்.

மேல் விளிம்புக்கு பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட். சிலிகான் மேல் பெயிண்ட் நிற்காது, ஒரு தடவை பட்டுவிட்டால் அந்த இடம் காலத்துக்கும் தகராறு. டியூபின் வாயைச் சின்னதாக வெட்டி, மெல்லிய கோடாக இழுத்து, நனைந்த விரலால் ஒரே இழுப்பு. இடைவெளி 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் சீலன்ட் தொங்கிவிடும், அங்கே முதலில் பூச்சைச் சரிசெய்ய வேண்டும். பலகைக்கும் லேமினேட்டுக்கும் நடுவில் எதையும் தடவக்கூடாது.

எனாமல் நீரில் கரையும் வகைதான் எடுத்தேன். எண்ணெய் எனாமல் வழுவழுப்பாக வரும், ஆனால் வெளிச்சம் படாத அலமாரிப் பின்னால் வெள்ளை மஞ்சளாகிவிடும். முதல் பூச்சை பலகை கட்டையில் கிடக்கும்போதே அடித்துவிட்டோம், கடைசிப் பூச்சு சுவரில் மாட்டின பிறகு. அப்போது பிரஷ் தரைத்தூசியை அள்ளாதபடி பலகைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை நுழைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மழை மூட்டமான மாலையில் அடிக்காதீர்கள், காலைப் பத்து மணிக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிட்டால் இரவு ஈரம் இறங்கும் முன் மேல்தோல் பிடித்துவிடும். ஓரத்தில் ஒட்டின டேப்பை பெயிண்ட் முழுசாகக் காயும் முன் எடுங்கள்.

மழைக்காலத்துக்குப் பிறகு

தீபாவளிக்கு முன்னால் அத்தை தன் அறைக்குத் திரும்பினார். அந்தக் கோடை மழை முடிந்து மார்ச்சில் போய்ப் படுக்கையறைப் பலகை ஒன்றைத் திருகு கழற்றி எடுத்துப் பார்த்தேன். முதுகு காய்ந்திருந்தது, பூஞ்சை இல்லை, திருகு பளபளப்பாக இருந்தது. சுவரில் ஈரமானி கீழேயும் மேலேயும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டியது. வெளியே ஜல்லிக் கால்வாயில் இலை அடைத்திருந்தது, அதை வருஷத்துக்கு இரண்டு தடவை வாரவேண்டும் என்று அத்தையின் மகனிடம் சொல்லியிருக்கிறேன். சாமி அறை டைல் பட்டையில் சொல்ல ஒன்றுமில்லை.

முன்னறையில் ஒரு சாய்வுச் சேர்ப்பில் மட்டும் மயிரிழை விரிசல். அந்த இடத்தில் திருகு செங்கலில் விழாமல் இரண்டு கல்லுக்கு நடுவே பொடிந்த சாந்தில் போயிருக்கிறது, பலகையை அழுத்தினால் லேசாக அசைகிறது. பக்கத்தில் இரண்டு விரல் தள்ளிப் புதுத் துளை போட்டு, சேர்ப்பைச் சுரண்டிப் பசை வைத்து, அந்த ஒரு முழத்துக்கு மட்டும் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். ஜூலையில் மரம் முழுசாகச் சுருங்கி நிற்கும்போது அதைச் செய்வதாக இருக்கிறோம்.